வால்வு ஹெட்போன் அம்பிளிபயரில் உறுமல்: தொடங்குவோருக்கான விளக்கம்

வீட்டில் தானே கட்டிய வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) அம்பிளிபயரை முதன்முதலாக இயக்கி ஹெட்போனைக் காதில் மாட்டுபவருக்குப் பாட்டுக்கு முன்பே வந்து சேர்வது பெரும்பாலும் ஓர் உறுமல்தான். அதைப் போக்க வழி கேட்டால், பலரும் முதலில் சொல்வது ‘பெரிய கொண்டென்சர் ஒன்றைப் போட்டுப் பார்’ என்பதே. அந்த யோசனை சில வேளைகளில் பலிக்கும், பல வேளைகளில் பலிக்காது, இடையிடையே உறுமலைக் கூட்டியும் விடும். ஒரே பெயரால் நாம் அழைக்கும் இந்த ஒலி மின்வழங்கியில் எஞ்சிய குற்றலையிலிருந்து, அதாவது நேரோட்டத்தில் மிஞ்சும் சிறு ஏற்ற இறக்கத்திலிருந்து, வரலாம். ரான்ஸ்போமரின் காந்தப்புலத்திலிருந்து வரலாம். வால்வைச் சூடாக்கும் இழையிலிருந்து வரலாம். மின்னோட்டம் திரும்பும் பொது வழியான கிறவுண்ட் கம்பிகள் இணைந்திருக்கும் முறையிலிருந்தும் வரலாம். ஒன்றுக்கான பரிகாரம் மற்றொன்றுக்கு உதவாது. ஆகவே பற்றவைக்கும் கோலைச் சூடாக்குவதற்கு முன், உறுமல் எந்த வழியால் நுழைகிறது என்பதைக் காதாலும் சில எளிய சோதனைகளாலும் பிரித்தறிய வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மல்ரிமீற்றரும், தொலைந்தாலும் கவலைப்படாத ஒரு மலிவான ஹெட்போனும் போதும்.

விளக்கத்துக்காக, தொடங்குவோர் அதிகம் கட்டும் வகையான ஒரு சுற்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு 12ஏயூ7 வால்வு. ஐரோப்பியப் பெயர் ஈசிசி 82. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மூவாயிகள் (மூன்று மின்வாய் கொண்ட பெருக்கும் பகுதிகள்) உள்ள அந்த வால்வின் ஒரு பாதி இடக் காதுக்கும் மறு பாதி வலக் காதுக்கும் உரிய ஒலியைப் பெருக்கும். பின்னால் 6080 என்ற பருத்த வால்வு, பெருக்கிய ஒலிக்கு வலிமை கொடுத்து, ஒரு கொள்ளளவி (கொண்டென்சர்) வழியாக 300 ஓம் ஹெட்போனுக்கு அனுப்பும். உயர் மின்னழுத்தம் ஏறத்தாழ 170 வோல்ற்று, அதிலிருந்து இழுக்கப்படும் மொத்த மின்னோட்டம் ஏறத்தாழ 80 மில்லிஅம்பியர் என்று கொள்வோம். கட்டுரையில் வரும் கணக்குகள் எல்லாம் இந்த அளவுகளை ஒட்டியவை.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

170 வோல்ற்று நேரோட்டம் ஆளைக் கொல்லக்கூடியது. வீட்டின் பிரதான பலகையில் ரிப் சுவிச் இருக்கிறது என்ற நம்பிக்கை இங்கே உதவாது: அந்தச் சுவிச், உள்ளே போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு வேறுபாடு தெரிந்தால் துண்டிப்பது, ரான்ஸ்போமரின் இரண்டாம் சுருளுக்கு அப்பால் உங்கள் உடலூடாக மின்னோட்டம் பாய்ந்தால் அந்த வேறுபாடு முதற்சுருளின் பக்கம் தெரியவே தெரியாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கும். மொத்தம் 660 மைக்ரோபரட் கொள்ளளவிகளுக்குக் குறுக்கே 100 கிலோஓம் தடையி ஒன்றை வடிப்பதற்கென்று இணைத்திருந்தாலும், 170 வோல்ற்று 10 வோல்ற்றாக இறங்குவதற்கு மூன்று நிமிடமளவு செல்லும். அந்தத் தடையி இல்லையென்றால் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. எனவே பிளக்கைக் கழற்றி, பொறுத்திருந்து, மீற்றரால் அளந்து, சுழி என்று கண்ட பின்பே கையை உள்ளே விட வேண்டும். செருப்பு அணிந்திருங்கள், மாரி காலத்தில் ஈரமான சிமெந்துத் தரையில் வெறுங்காலுடன் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். இயங்கிக்கொண்டிருக்கும்போது வால்வைப் பிடுங்குவதும் கூடாது, ஏனெனில் சுமை நீங்கியதும் மின்னழுத்தம் ஏறி, கொள்ளளவிகள் தாங்கும் எல்லையைத் தாண்டலாம்.

ஹெட்போனை மாட்டுவதற்கு முன் வெளியீட்டில் நேரோட்ட மின்னழுத்தம் உண்டா என்றும் பாருங்கள். வெளியீட்டுக் கொள்ளளவி பழுதாகியிருந்தால் முதலில் எரிவது ஹெட்போன்தான்.

சுருதியைக் கேளுங்கள்

இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். ரான்ஸ்போமரின் காந்தப்புலமும் சூடாக்கும் இழையின் ஆடலோட்டமும் 50 ஹேர்ட்ஸிலேயே அதிர்வதால், அவற்றிலிருந்து நுழையும் உறுமல் தாழ்ந்த, உருண்டையான ஒலியாக இருக்கும். ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவது சீராக்கி. மின்னை ஒரே திசையில் விடும் இருவாயிகள் நான்கு கொண்ட சீராக்கியோ, நடுமுனை கொண்ட சுருளும் இரண்டு இருவாயிகளும் சேர்ந்த சீராக்கியோ, அலையின் இரு பாதிகளையும் பயன்படுத்துவதால் மின்வழங்கியின் குற்றலை 100 ஹேர்ட்ஸ் ஆகும். அதனுடன் 200, 300 என்று மேலுள்ள மடங்குகளும் கலந்துவருவதால், அது உறுமலை விட வண்டின் இரைச்சலுக்கு நெருக்கமாகவும் சற்றுக் கரகரப்பாகவும் கேட்கும்.

ஐம்பதும் நூறும் ஒரே சுரத்தின் கீழ்த்தாயியும் மேல்தாயியும். தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து இணுவில், அளவெட்டிக் காதுகளுக்கு இதைப் பிரித்தறிவது கடினமன்று என்றாலும், தாயி தவறுவது யாருக்கும் எளிது. அதனால் கைத்தொலைபேசியில் ஒலி உண்டாக்கும் செயலி ஒன்றை நிறுவி, அதன் 50 ஹேர்ட்ஸையும் 100 ஹேர்ட்ஸையும் ஹெட்போனில் மாறிமாறிக் கேட்டு, அம்பிளிபயரின் உறுமலுடன் ஒப்பிடுவது நல்லது. தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் 50 ஹேர்ட்ஸை எழுப்ப முடியாது. ஆகவே ஹெட்போனில்தான் கேட்க வேண்டும். முழு அலைச் சீராக்கி உள்ள அம்பிளிபயரில், மின்வழங்கியின் குற்றலை 50 ஹேர்ட்ஸாக இருப்பதை மீற்றராலோ அலைவுகாட்டியாலோ கண்டால், இருவாயிகளில் ஒன்று திறந்துபோய்ப் பாதி அலை மட்டுமே வருகிறது என்று பொருள்.

உறுமலின் சுருதி மின்சாரத்தின் மீடிறனோடு பிணைந்தது என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்குச் சான்று தேவையில்லை. 1990இன் பின், மின்சாரமும் இல்லாமல் பற்றரிகளுக்கும் தடை இருந்த போர்க்காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம். அதைச் சீராக்கிய பின் வடிகட்டல் போதாவிட்டால், மிதிக்கும் வேகம் கூடக் கூட உறுமலின் சுருதியும் ஏறும்.

வெளிநாட்டுச் சுற்றுப்படங்களைப் பின்பற்றுவோர் இன்னொன்றையும் மனங்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் எழுதப்பட்ட விளக்கங்கள் 60, 120 என்று பேசும். 60 ஹேர்ட்ஸுக்கென்று வடிவமைத்த மின்வழங்கியை 50 ஹேர்ட்ஸில் இயக்கினால், முதற் கொள்ளளவியில் குற்றலை 1.2 மடங்காகும், அடுத்து வரும் ஒவ்வொரு தடையி-கொள்ளளவி வடிகட்டியும் அதே அளவு வலுவிழக்கும். இரண்டு வடிகட்டிகள் இருந்தால் மொத்தத்தில் ஏறத்தாழ 1.7 மடங்கு குற்றலை. படத்தில் உள்ளபடியே கட்டியும் உறுமல் கேட்கிறது என்ற முறைப்பாட்டுக்கு இது ஒரு காரணம்.

எவ்வளவு உறுமல் கேட்கும்?

மிக அமைதியான இடத்தில் மனிதக் காது 50 ஹேர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 44 டெசிபல் அளவில்தான் உணரத் தொடங்கும். 100 ஹேர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ 26 டெசிபலிலேயே உணரும். ஒரு வோல்ற்றுக்கு 97 டெசிபல் தரும் 300 ஓம் ஹெட்போனின் முனைகளில் 1 மில்லிவோல்ற்று உறுமல் இருந்தால், அது காதில் 37 டெசிபல். ஐம்பது ஹேர்ட்ஸாக இருந்தால் அது உங்களுக்குக் கேட்காது. நூறாக இருந்தால் இரவில் தெளிவாகக் கேட்கும். அதே 1 மில்லிவோல்ற்றை, ஒரு மில்லிவாற்றுக்கு 100 டெசிபல் தரும் 32 ஓம் ஹெட்போனுக்குக் கொடுத்தால் 55 டெசிபல் வரும், அப்போது இரண்டுமே கேட்கும். ஆகவே அம்பிளிபயரைக் குறைசொல்வதற்கு முன், அந்தச் சுற்று எந்த வகை ஹெட்போனுக்காக வடிவமைக்கப்பட்டதோ அதைக் கொண்டு கேட்டுப் பாருங்கள். கைத்தொலைபேசிக்கென்று வாங்கிய, எளிதில் ஒலியெழுப்பும் ஹெட்போன் எந்த வால்வு அம்பிளிபயரின் சிறு குறையையும் பெரிதாக்கிக் காட்டும்.

குமிழும் பிளக்கும் சொல்வன

அடுத்த சோதனை, ஒலியளவுக் குமிழ். குமிழை முழுவதும் குறைத்தும் உறுமல் மாறாமல் இருந்தால், அது குமிழுக்குப் பின்னால் நுழைகிறது. குமிழைக் கூட்டக் கூட உறுமலும் கூடினால், அது குமிழுக்கு முன்னால், அதாவது உள்ளீட்டுச் சொக்கற்றிலோ கேபிளிலோ பாட்டைத் தரும் கருவியிலோ இருக்கிறது. இவ்விரண்டையும் விடச் சுவையான மூன்றாவது ஒன்று உண்டு: இரு முனைகளிலும் உறுமல் குறைந்து, இடையில் ஓரிடத்தில் மட்டும் மிகுவது. 100 கிலோஓம் குமிழின் நடு முனையிலிருந்து பார்த்தால், இரு ஓரங்களிலும் மின்தடை மிகக் குறைவு. ஒலி பாதியாகும் இடத்தில் அது 25 கிலோஓம் வரை ஏறும். தடை மிகும் இடத்தில் மட்டும் உறுமல் மிகுகிறது என்றால், குமிழிலிருந்து, வால்வில் ஒலி நுழையும் முனையான நெய்யரிக்குப் போகும் கம்பி பக்கத்திலுள்ள ஏதோ ஓர் ஆடலோட்டக் கம்பியின் மின்புலத்தை வாங்குகிறது. அந்தக் கம்பியைக் குறுக்கி, கவசக் கம்பியாக மாற்றி, குமிழின் உலோக உடலையும் கிறவுண்டில் இணைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பின்னர் உள்ளீட்டுக் கேபிளைக் கழற்றிவிட்டு, நடுமுனையும் வெளி உறையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரு வெற்றுப் பிளக்கைச் செருகுங்கள். உறுமல் மறைந்தால் உங்கள் அம்பிளிபயர் குற்றமற்றது. கேபிளையும் மறுமுனையில் இருக்கும் கருவியையும் ஆராய வேண்டும். மடிக்கணினியில் இருந்து பாட்டுக் கேட்பவர்கள் அதன் சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் மட்டும் இயக்கிப் பார்க்கலாம். அப்போது இரைச்சல் நின்றால் அம்பிளிபயரின் புவித்தொடுப்பும் சார்ஜரின் புவித்தொடுப்பும் சேர்ந்து ஒரு வளையமாகியிருக்கின்றன, அல்லது சார்ஜருக்குப் புவித்தொடுப்பே இல்லாமல் அதிலிருந்து கசியும் மின்னோட்டம் உங்கள் கேபிளின் உறை வழியாகப் போகிறது. பேனா முனையால் மேல் துளையை அழுத்தித் திறந்து இரு முள் பிளக்கைச் சதுர முள் சொக்கற்றில் செருகும் வழக்கம் நம் வீடுகளில் சாதாரணம் என்பதால், இரண்டாவது வகையும் அரிதன்று.

அம்பிளிபயரின் மின்சுவிச்சை அணைத்துக் கேட்பதும் பயனுள்ளது. வால்வுகள் சூடாகவும் கொள்ளளவிகள் நிரம்பியும் இருப்பதால் பாட்டு இன்னும் சில நொடிகள் ஓடும். அந்த நொடிகளில் உறுமல் சட்டென்று நின்று பாட்டு மட்டும் தொடர்ந்தால், உறுமல் அம்பிளிபயரின் சொந்த மின்வழங்கியிலிருந்தோ ரான்ஸ்போமரிலிருந்தோ இழையிலிருந்தோ வந்தது. பாட்டோடு சேர்ந்தே உறுமலும் மங்கினால் அது வெளியிலிருந்து வருகிறது.

இரு காதிலும் சமமாகக் கேட்டால் பொதுவான பகுதியையும், ஒரு காதில் மட்டும் கேட்டால் அந்தப் பக்கத்தின் வால்வையும் கம்பிகளையும் முதலில் சந்தேகியுங்கள். ஒவ்வொரு காதுக்கும் தனி வால்வு உள்ள அம்பிளிபயரில் இரண்டையும் இடம்மாற்றி, உறுமலும் இடம்மாறுகிறதா என்று பார்க்கலாம். நாம் எடுத்துக்கொண்ட சுற்றில் ஒரே 12ஏயூ7 இரு பக்கத்துக்கும் உழைப்பதால் இந்தச் சோதனைக்கு வழியில்லை. இன்னொரு வால்வை வாங்கி மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

மின்வழங்கியின் குற்றலை

துலாவால் வாளி வாளியாக இறைத்துத் தொட்டியில் கொட்டும் நீர், தொட்டியின் வாயிலிருந்து வாய்க்காலில் ஏறத்தாழச் சீராக ஓடும். எனினும் ஒவ்வொரு வாளிக்கும் தொட்டியின் நீர்மட்டம் ஏறி இறங்குவதைக் காணலாம். சீராக்கிக்குப் பின்னால் வரும் முதற் கொள்ளளவி அந்தத் தொட்டி; நொடிக்கு நூறு முறை அது நிரப்பப்படுகிறது; மட்டத்தின் ஏற்ற இறக்கமே குற்றலை. 80 மில்லிஅம்பியர் இழுக்கப்படும்போது 220 மைக்ரோபரட் கொள்ளளவியில் அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 3.5 வோல்ற்று. அடுத்து 270 ஓம் தடையியும் இன்னொரு 220 மைக்ரோபரட்டும் வைத்தால், 100 ஹேர்ட்ஸில் அந்தக் கொள்ளளவியின் எதிர்ப்பு 7 ஓம் அளவே என்பதால் குற்றலை 37இல் ஒரு பங்காகி, 0.1 வோல்ற்றளவில் நிற்கும். அதே போல இன்னொரு கட்டம் வைத்தால் 3 மில்லிவோல்ற்றுக்கும் கீழே வந்துவிடும். முதல் வால்வில் பெருகிய ஒலி வெளிவரும் முனையான அனோட்டில் அதிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே தோன்றும். மேலே பார்த்த காதின் கணக்குப்படி இது கேட்கும் எல்லையின் விளிம்பு. கட்டங்களில் ஒன்றில் கொள்ளளவி காய்ந்துபோனாலோ தவறாக இணைக்கப்பட்டாலோ, உறுமல் 30 டெசிபலுக்கு மேல் உயர்ந்து, தப்ப முடியாதபடி கேட்கும்.

தடையிக்கு விலை உண்டு. ஒவ்வொரு 270 ஓமிலும் 21 வோல்ற்றளவு வீழும், 1.7 வாற்று வெப்பமாகப் போகும். ஆகவே 5 வாற்றுத் தடையி வேண்டும்.

மீற்றரை ஆடலோட்டப் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கொள்ளளவியின் குறுக்கேயும் குற்றலையை அளக்கலாம். முதலாவதில் ஒரு வோல்ற்றளவு, இரண்டாவதில் சில பத்து மில்லிவோல்ற்று, மூன்றாவதில் மீற்றர் காட்டத் தடுமாறும் அளவு என்று படிப்படியாகக் குறைந்தால் மின்வழங்கி தன் வேலையைச் செய்கிறது. (சில மலிவான மீற்றர்கள் நேரோட்டத்தையும் சேர்த்துக் காட்டும்; அப்படிப்பட்டதாக இருந்தால் 400 வோல்ற்றோ அதற்கு மேலோ தாங்கும் 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றைத் தொடராக வைத்து அளக்க வேண்டும்.) அளவு சரியாக இருந்தும் 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் கேட்கிறது என்றால், கொள்ளளவியைப் பெரிதாக்குவதை அங்கேயே நிறுத்திவிட்டுக் கிறவுண்டைப் பாருங்கள்.

கிறவுண்ட், எல்லாவற்றிலும் அதிகம் தவறுமிடம்

சுற்றுப்படத்தில் கிறவுண்ட் குறி எங்கே வரையப்பட்டிருந்தாலும் அது ஒரே இடம் போலத் தோன்றும். பெட்டிக்குள் அது கம்பி. கம்பிக்குத் தடை உண்டு. தடையில் மின்னோட்டம் பாய்ந்தால் மின்னழுத்தம் தோன்றும். தொடங்குவோருக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான், ஏனெனில் வீட்டில் கட்டிய அம்பிளிபயர்களில் தீராத உறுமலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகிறது.

முதற் கொள்ளளவி தொடர்ச்சியாக நிரம்புவதில்லை. அலையின் உச்சியில், மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டும் இருவாயிகள் திறந்து, தேவையான மின்னேற்றத்தை ஒரே வீச்சில் ஊற்றுகின்றன. சராசரி 80 மில்லிஅம்பியராக இருந்தாலும் அந்த வீச்சின் உச்சம் அரை அம்பியர் வரை போகலாம். சீராக்கியின் மறைமுனையையும் (−) முதற் கொள்ளளவியின் மறைமுனையையும் இணைக்கும் கம்பியில் இந்த அரை அம்பியர் நொடிக்கு நூறு முறை அடிக்கிறது. அந்தப் பாதையில், பெட்டியில் முறுக்கிய ஓர் ஆணியின் கீழ் 10 மில்லிஓம் தடை இருந்தால் 5 மில்லிவோல்ற்றுத் தோன்றும். உள்ளீட்டுச் சொக்கற்றின் கிறவுண்டும் முதல் வால்வின் கிறவுண்டும் அந்தத் தடையின் இரு பக்கங்களில் இணைக்கப்பட்டிருந்தால், அந்த 5 மில்லிவோல்ற்று உங்கள் பாட்டோடு சேர்ந்து வால்வுக்குள் போய்ப் பத்து மடங்கு பெருகி, 50 மில்லிவோல்ற்றாக வெளியே வரும். மேலே சொன்ன 300 ஓம் ஹெட்போனில் அது 71 டெசிபல். முதற் கொள்ளளவியைப் பெரிதாக்கினால் இருவாயிகள் திறந்திருக்கும் நேரம் இன்னும் குறுகி, உச்சம் மேலும் உயரும். பெரிய கொண்டென்சர் போட்டதும் இரைச்சல் கூடியது என்று சிலர் வியப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே ரான்ஸ்போமரின் நடுமுனையோ சீராக்கியின் மறைமுனையோ, எதுவானாலும், நேராக முதற் கொள்ளளவியின் மறைமுனைக்குத் தனிக் கம்பியில் போக வேண்டும். வேறெதுவும் அந்தக் கம்பியைத் தொடக்கூடாது. அங்கிருந்து இரண்டாவது கொள்ளளவி, மூன்றாவது கொள்ளளவி, 6080இன் கிறவுண்ட், 12ஏயூ7இன் கிறவுண்ட், கடைசியாக உள்ளீட்டுச் சொக்கற்று என்று, பெரிய மின்னோட்டத்திலிருந்து சிறியதை நோக்கி ஒரே வரிசையில் செல்லும் தடித்த செப்புக் கம்பி போதும். எல்லாவற்றையும் ஒரே ஆணியில் சேர்க்கும் நட்சத்திர முறையும் நன்றே. ஆனால் தொடங்குவோர் அதைச் செய்யும்போது நீண்ட கம்பிகள் பெட்டியெங்கும் அலைந்து வேறு தொல்லை தருவதால், வரிசை முறையையே நான் பரிந்துரைப்பேன்.

இந்த வரிசை உலோகப் பெட்டியைத் தொடுவது ஓரிடத்தில் மட்டுமாக இருக்க வேண்டும். இங்கேதான் ஹெட்போன் சொக்கற்று காலை வாரும். பல சொக்கற்றுகளின் கழுத்து உலோகத்தாலானது. பெட்டியில் இறுக்கியதுமே அது கிறவுண்டைப் பெட்டியோடு இரண்டாவது முறை இணைத்துவிடும். உள்ளீட்டுச் சொக்கற்றுகளும் அப்படியே. பிளாஸ்ரிக் வளையம் வைத்த சொக்கற்றுகளை வாங்கி, பிளக்கைக் கழற்றிய நிலையில், அந்த ஒற்றை இணைப்பைத் தற்காலிகமாக விடுவித்துவிட்டு, கிறவுண்டுக்கும் பெட்டிக்கும் இடையே தொடர்ச்சி இருக்கிறதா என்று மீற்றரால் பாருங்கள். தொடர்ச்சி காட்டினால் எங்கோ ஒரு கள்ள இணைப்பு உண்டு.

புவித்தொடுப்புக் கம்பி, அதாவது பிளக்கின் பெரிய முள்ளிலிருந்து வரும் பச்சை-மஞ்சள் கம்பி, இதிலிருந்து வேறானது. அது பெட்டியோடு உறுதியான ஆணியால் எப்போதும் இணைந்திருக்க வேண்டும். அதைக் கழற்றினால் வளையம் உடைந்து உறுமல் நிற்பது உண்மையே. ரான்ஸ்போமரின் காப்பு ஒருநாள் பழுதானால் பெட்டியும் ஹெட்போனும் 230 வோல்ற்றில் நிற்கும் என்பதும் அதே அளவு உண்மை. வளையத்தை உடைக்கத்தான் வேண்டுமென்றால், கிறவுண்ட் வரிசைக்கும் பெட்டிக்கும் இடையில் 10 ஓம் தடையி ஒன்றையும், அதற்குப் பக்கமாக எதிரெதிர்த் திசையில் வைத்த தடித்த இருவாயிகளையும் இடுவார்கள். சிறு மின்னழுத்தத்தில் தடையி வளைய மின்னோட்டத்தைக் குறைக்கும், பழுது நேர்ந்தால் இருவாயிகள் பெரிய மின்னோட்டத்தைப் புவிக்கு விட்டு உருகியை எரிக்கும்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு: சுண்ணாம்புக் கல்லில் ஏர்த் கம்பி ஆழமாக இறங்காததால், கோடையில் மண் காய்ந்ததும் அம்பிளிபயர் உறுமுகிறதாம். காய்ந்த மண் மின்னைக் கடத்துவது குறைவு என்பது சரி. அது பாதுகாப்புக்குக் கேடு என்பதும் சரி. ஆனால் பெட்டிக்குள் உருவாகும் உறுமலை மண் உறிஞ்சுவதில்லை. பற்றரியில் இயங்கும் வானொலிக்கு ஏர்த்தே இல்லை, அது உறுமுவதும் இல்லை.

சூடாக்கும் இழை

6080இன் இழை 6.3 வோல்ற்றில் 2.5 அம்பியர் இழுக்கும். 12ஏயூ7 அதே மின்னழுத்தத்தில் 0.3 அம்பியர். இவ்வளவு ஆடலோட்டம் பாயும் கம்பிகளை இரண்டிரண்டாக இறுக்கி முறுக்கி, பெட்டியின் மூலைகளை ஒட்டி, நெய்யரிக் கம்பிகளிலிருந்து விலக்கிக் கொண்டுசெல்ல வேண்டும். முறுக்கும்போது எதிரெதிராகப் பாயும் இரு மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

தொடங்குவோர் பலர் மறப்பது, இழைச் சுருளைக் கிறவுண்டோடு தொடர்புபடுத்துவதை. சுருள் எதனோடும் இணையாமல் மிதந்துகொண்டிருந்தால் பெரிய 50 ஹேர்ட்ஸ் உறுமல் வரும். சுருளுக்கு நடுமுனை இருந்தால் அதைக் கிறவுண்டில் இணைக்கலாம். இல்லையென்றால் இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் தடையி ஒவ்வொன்றை எடுத்து, அவை சேருமிடத்தைக் கிறவுண்டில் இணைத்தால் போதும். சில ரூபாய்ச் செலவில் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இது.

அதன் பின்னும் 50 ஹேர்ட்ஸ் எஞ்சினால், சூடான இழையிலிருந்து இலத்திரன்கள், அது சூடாக்கும் முனையான கதோட்டுக்குத் தாவுகின்றனவோ என்று பார்க்கலாம். உயர் மின்னழுத்தத்திலிருந்து இரு தடையிகளால் பிரித்தெடுத்த 30 முதல் 50 வோல்ற்றை, கொள்ளளவி ஒன்றால் அமைதிப்படுத்தி, 100 ஓம் தடையிகள் சேருமிடத்தில் கிறவுண்டுக்குப் பதிலாகக் கொடுத்தால் இழை கதோட்டை விட நேர்மின் நிலையில் நின்று அந்தத் தாவலைத் தடுக்கும். இது 12ஏயூ7 போன்ற, கதோட்டு கிறவுண்டுக்கு அருகில் இருக்கும் வால்வுக்குப் பொருந்தும். 6080இன் கதோட்டு ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால் இழைக்கும் கதோட்டுக்கும் இடையே தாங்கக்கூடிய எல்லையைத் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். இழைக்கு நேரோட்டம் கொடுப்பதை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம். அதற்கென்று வைக்கும் சீராக்கி, முன்பு சொன்ன வீச்சு மின்னோட்டத்தைப் பல அம்பியர்களாகக் கொண்டுவந்து புதிய இரைச்சலை உண்டாக்கலாம்.

கடலோரக் காற்றில் உப்பு உண்டு. வால்வின் ஊசிகளிலும் சொக்கற்றுகளிலும் படியும் துரு தடையாகி உறுமலைத் தரும் என்பதால், ஊசிகளைத் துடைத்து, வால்வைச் சில முறை செருகி எடுப்பதும் ஒரு சோதனைதான், மின்சாரம் இல்லாதபோது.

ரான்ஸ்போமரின் காந்தப்புலம்

முதலில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பெட்டியையே கேளுங்கள். தகடுகள் அதிர்வதால் எழும் ஒலி காற்றுவழி வருவது. சுற்றில் அதைத் தேடிப் பயனில்லை. 220 வோல்ற்றுக்கென்று சிக்கனமாகச் சுற்றிய ரான்ஸ்போமர், இரவில் மின்னழுத்தம் 240 வோல்ற்றைத் தொடும்போது அதன் இரும்பு உள்ளகமான அகணி காந்தத்தால் நிரம்பி, அதிகம் அதிர்ந்து, அதிகம் புலத்தையும் வெளியே விடும். பகலில் அமைதியாக இருந்தது நள்ளிரவில் உறுமுகிறது என்றால் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

காந்தப்புலம் வால்வுக்கும் உள்ளீட்டுக் கம்பிக்கும் எட்டுவதைத் தடுக்க மிக மலிவான வழி தூரம். ரான்ஸ்போமரிலிருந்து தூரம் இரட்டித்தால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும். அடுத்த வழி திசை: கம்பிகளை நீளமாக விட்டு, ரான்ஸ்போமரை ஒரு பலகைத் துண்டில் வைத்து, உள்ளீட்டில் முன்பு சொன்ன வெற்றுப் பிளக்கைச் செருகி, ஹெட்போனில் கேட்டபடி அதை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் உறுமல் அடங்கும், அந்தக் கோணத்திலேயே ஆணி அடிக்க வேண்டும். அந்த வேளையில் உயர் மின்னழுத்த முனைகள் எல்லாம் காப்பிடப்பட்டிருப்பது கட்டாயம். அலுமினியப் பெட்டி இந்த 50 ஹேர்ட்ஸ் புலத்தை ஏறத்தாழ மறைக்கவே மாட்டாது. இரும்புத் தகடு ஓரளவு மறைக்கும்.

வீட்டிலிருந்து வருவனவும் உண்டு. மின்விசிறியின் மின்னணு றெகுலேற்றர், மங்கலாக்கும் மின்குமிழ்ச் சுவிச், சதுர அலை தரும் இன்வேர்ட்டர் ஆகியவை கூர்மையான ‘ஸ்ஸ்ர்’ என்ற இரைச்சலைத் தரும். விசிறியை நிறுத்தினால் நிற்கும் இரைச்சலுக்காக அம்பிளிபயரைக் கழற்ற வேண்டியதில்லை. கைத்தொலைபேசியை அருகில் வைத்தால் விட்டுவிட்டு வரும் ‘டக் டக் டர்ர்’ ஒலியும் உறுமலல்ல. தொலைபேசியைத் தள்ளி வைத்தால் போதும்.

எல்லாவற்றையும் சரிசெய்து பெட்டியின் மூடியைப் பூட்டிய பின்னும் ஒருமுறை, வால்வுகள் நன்றாகச் சூடானதும், உள்ளீட்டுக் கேபிள் இணைந்த நிலையில், குமிழை மூன்று இடங்களில் வைத்துக் கேளுங்கள். இரும்பு மூடி ரான்ஸ்போமரின் புலத்தை வால்வின் பக்கம் திருப்பிவிடலாம். மூடியின் ஆணியொன்று உள்ளே கிறவுண்ட் கம்பியைத் தொட்டுவிடலாம். அப்போது மட்டும் உறுமல் திரும்பினால் தேட வேண்டியது மூடியையும் அதன் ஆணிகளையும் மட்டுமே.